கூட்டத்துக்குப் பைத்தியம் பிடிப்பதில்லை

கேள்வி இது: "தனியாகப் பார்த்தால் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத ஆட்கள், கூட்டமாகச் சேர்ந்தால் ஒருவரை அடித்தே கொல்லும் அளவுக்கு எப்படிப் போகிறார்கள்? அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யாதா? அந்த இடத்தில் நானும் நின்றிருந்தால் என்ன செய்ய முடியும்?"

புத்தி வேலை செய்யத்தான் செய்கிறது. அதனால்தான் இந்த விஷயம் இவ்வளவு பயங்கரமாக இருக்கிறது. பொதுவாகப் பேசினால் வழவழவென்று போய்விடும் என்பதால், நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

2018 மே 9. சென்னையைச் சேர்ந்த 65 வயதுப் பெண் ஒருவர், மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களோடு காரில் குலதெய்வம் கும்பிடக் கிளம்பினார். திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம். வழி தெரியாமல் ஓரிடத்தில் நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சத்தம் கிளம்பியதும் பயந்துபோய்க் காரை எடுத்தார்கள். ஆனால் கார் போவதற்குள் அடுத்த ஊருக்குப் போன் போய்விட்டது. அத்திமூரில் மறித்துப் பிடித்து அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனார். கூட வந்தவர்கள் படுகாயத்தோடு தப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஜூலை 13, கர்நாடகாவின் பீதர் மாவட்டம். ஹைதராபாத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்த நண்பர்கள், அதில் ஒருவர் கத்தார் நாட்டுக்காரர். பள்ளிக் குழந்தைகளுக்கு வெளிநாட்டுச் சாக்லேட் கொடுத்தார்கள். அதே சந்தேகம், அதே சத்தம், காரில் ஏறித் தப்பியது, முன்னால் இருந்த முர்க்கி என்ற ஊருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் பறந்தது, அங்கே வழியை அடைத்தது எல்லாம் அப்படியே. 32 வயது என்ஜினியர் ஒருவர் செத்தார். தடுக்கப் பார்த்த போலீஸ்காரர்களுக்கும் அடி விழுந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று கண்ணில் படும். சாக்லேட் கொடுத்ததை நேரில் பார்த்த ஊரில் சாவு விழவில்லை. எதையுமே பார்க்காத அடுத்த ஊரில்தான் விழுந்தது. முதல் ஊர்க்காரர்களுக்கு இருந்தது சந்தேகம். "யார் நீங்க, எதுக்குக் குடுக்குறீங்க?" என்று கேட்கிற நிலையில் இருந்தார்கள். போனில் அது போகும்போது "பிள்ளை பிடிக்கிறவங்க கார்ல வர்றாங்க, விடாதீங்க" என்று ஆகிவிடுகிறது. கேட்பவனுக்குச் சந்தேகப்பட எதுவும் மிச்சம் இல்லை. சொன்னவன் பார்த்திருப்பான் என்று இவன் நம்புகிறான். சொன்னவனோ, இவர்கள் பிடித்து விசாரிப்பார்கள் என்று நம்பியிருப்பான். தீர விசாரிக்கிற வேலையை ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டார்கள். கடைசியில் அதை யாருமே செய்யவில்லை.

இதற்கு முன்னால் சில வாரங்களாகவே போன்களில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது, உறுப்புகளை எடுத்து விற்கிறார்கள் என்று வாய்ஸ் மெசேஜ்கள். கூடவே ஒரு வீடியோ. பைக்கில் வரும் இருவர் தெருவில் நிற்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அது பாகிஸ்தானில், கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். நிஜப் படத்தில் அவர்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள். சிரியாவில் ரசாயனத் தாக்குதலில் இறந்த குழந்தைகளின் படம்கூட, உறுப்பு திருடப்பட்ட குழந்தைகள் என்ற பெயரில் சுற்றியது. வெட்டி ஒட்டியவன் யார் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அதை ஃபார்வேர்டு செய்தவர்களில் பெரும்பாலானவர்கள் அக்கறையில்தான் செய்தார்கள். "உண்மையோ பொய்யோ, ஜாக்கிரதையா இருந்துக்கிறது நல்லதுதானே?" இந்த வாக்கியத்தை நம் குடும்ப குரூப்பில் எல்லோரும் பார்த்திருப்போம். எனக்கு இதைவிட ஆபத்தான வாக்கியம் தெரியாது.

சரி, "புத்தி வேலை செய்யாதா" என்ற பகுதிக்கு வருகிறேன். கூட்டத்தில் கலந்தால் மனிதன் தன் சுயத்தை இழக்கிறான், வசியம் செய்யப்பட்டவன்போல் ஆகிவிடுகிறான் என்கிற கருத்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் பிரபலமானது. இன்றைக்கும் பத்திரிகைகளில் "வெறி பிடித்த கும்பல்" என்றுதான் எழுதுகிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. பைத்தியம் பிடித்தவன் எதிரில் வருபவரையெல்லாம் அடிக்க வேண்டும். 2018-ல் அடிவாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். வெளியூர்க்காரர்கள், வேறு மொழி பேசியவர்கள், மனநலம் சரியில்லாமல் தெருவில் திரிந்தவர்கள், பிச்சை எடுத்தவர்கள், நாடோடிச் சமூகத்தார். உள்ளூரில் சொந்தபந்தம் உள்ள ஒருவர் மேல் அவ்வளவு சுலபமாகக் கை விழவில்லை. அடித்தால் கேட்க ஆள் இல்லாதவர் யார் என்பது அந்தக் கூட்டத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

1980 ஏப்ரலில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு கலவரம் நடந்தது. பின்னர் அதை ஆராய்ந்தவர்கள் கண்டது: கல் போனதெல்லாம் போலீஸ்மீதும் வங்கி போன்ற சில கட்டடங்கள்மீதும்தான். அக்கம்பக்கத்து வீடுகளைத் தொடவில்லை. கலவரம் அந்தப் பகுதியைத் தாண்டி வெளியேயும் பரவவில்லை. ஆக, கூட்டத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. யார் நம்மாள், யார் அந்நியன், எது வரைக்கும் போகலாம் என்ற கணக்கு. கூட்டம் என்றாலே கெட்டது என்று ஆகிவிடாது என்பதற்கும் இதுவே காரணம். 2017 ஜனவரியில் மெரினாவில் நாள்கணக்காக உட்கார்ந்திருந்த ஜல்லிக்கட்டுக் கூட்டத்தில் குப்பை அள்ளியவர்களும் சோற்றுப் பொட்டலம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இங்கே என்ன செய்தால் சரி என்பதைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்துத்தான் அங்கேயும் முடிவு செய்தார்கள்.

சுற்றி நிற்பவர்களைப் பார்த்து முடிவு செய்வது. விஷயமே இதில்தான் இருக்கிறது. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளத்தில் உள்ள கோடு பக்கத்தில் இருக்கும் மூன்றில் எது என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருப்பவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள், வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள். கடைசியில் பதில் சொல்லும் அந்த அப்பாவி என்ன செய்கிறார் என்பதுதான் சோதனை. தப்பான பதில் திட்டமிட்டுச் சொல்லப்பட்ட சுற்றுகளில் கிட்டத்தட்ட 37 சதவீதம் பதில்கள் கூட்டத்தோடு போயின. தனியாகக் கேட்டபோது தப்பு ஒரு சதவீதம்கூட இல்லை.

இதை வைத்து "மனிதர்கள் ஆட்டுமந்தை" என்று முடித்துவிடுவது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதலாவது, பெரும்பாலான பதில்கள் கூட்டத்தை மீறிச் சரியாகத்தான் வந்தன. நான்கில் ஒருவர் ஒரு தடவைகூட வளைந்து கொடுக்கவில்லை. இரண்டாவது, அறையில் இன்னும் ஒரே ஒரு ஆள் சரியான பதிலைச் சொன்னால் போதும், வளைவது சுமார் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அந்த இன்னொருவர் சொன்னது வேறொரு தப்பான பதிலாக இருந்தபோதும் குறைந்தது! இதைப் படிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு ஆச்சரியம்தான். அவர் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. எல்லோரும் ஒரே குரலில் சொல்வதில் ஒரு கீறல் விழுந்தால் போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978-ல் போட்டது. ஒரு சதுக்கத்தில் நூறு பேர் நிற்கிறார்கள். முதல் ஆள், யாரும் தொடங்காவிட்டாலும் கல்லை எடுப்பவன். இரண்டாம் ஆள், ஒருவன் எறிந்தால் தானும் எறிவான். மூன்றாம் ஆளுக்கு இரண்டு பேர் எறிந்திருக்க வேண்டும். இப்படியே நூறாவது ஆளுக்கு 99 பேர் தேவை. அந்த நூறாவது ஆள் பரம சாது. ஆனாலும் சங்கிலி ஓடி, நூறு பேரும் எறிந்துவிடுவார்கள். இப்போது இரண்டாம் ஆளை மட்டும் மாற்றுங்கள். "இரண்டு பேர் எறிந்தால்தான் நான்" என்பவனை அங்கே நிறுத்துங்கள். முதல் ஆள் ஒரு கண்ணாடியை உடைப்பான், அவ்வளவுதான், வேறு யாரும் அசைய மாட்டார்கள். மறுநாள் பேப்பரில் முதல் ஊரைப் பற்றி "வன்முறைக் கும்பல்" என்றும் இரண்டாம் ஊரைப் பற்றி "குடிகாரன் கைவரிசை" என்றும் செய்தி வரும். இரண்டு ஊருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஒரே ஒரு ஆள், அதுவும் கொஞ்சமே கொஞ்சம் தயங்கிய ஆள்.

அப்படியென்றால் அந்த ஒரு ஆள் ஏன் பெரும்பாலும் கிடைப்பதில்லை? கேள்வி கேட்பவனே சந்தேகத்துக்கு உள்ளாவான் என்பதால். "நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசுற? உன் வீட்டுப் பிள்ளைய தூக்கிட்டுப் போனா இப்படிப் பேசுவியா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால், பேச வந்த மற்ற ஐந்து பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த ஐந்து பேரின் மௌனத்தைப் பார்த்துவிட்டு, மீதி ஐம்பது பேர் "எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். மனசுக்குள் தயங்குகிற ஐம்பது பேர் சேர்ந்து, தயக்கமே இல்லாத ஒரு கூட்டமாகத் தெரிகிறார்கள், தங்களுக்கே.

பயம் வீண் பயமும் அல்ல. 2018 ஜூன் 28 அன்று திரிபுராவில், வதந்திகளை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் ஊர் ஊராகச் சொல்வதற்கு அரசே ஏற்பாடு செய்து அனுப்பிய 33 வயது இளைஞரையே பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொன்றார்கள். மூன்று நாள் கழித்து, ஜூலை 1, மகாராஷ்டிராவின் துலே மாவட்டம் ரெய்ன்பாடா கிராமம். சந்தை நாள். சோலாப்பூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாடோடிச் சமூகத்தார் ஐந்து பேர். ஒரு சிறுமியிடம் பேச்சுக் கொடுத்தார்கள் என்பதற்காகப் பஞ்சாயத்து ஆபீஸுக்குள் இழுத்துப்போய், அங்கேயே அடித்து ஐந்து பேரையும் கொன்றார்கள். கட்டடம் என்னவோ அரசாங்கக் கட்டடம்தான்.

யுத்தக் கால ஜெர்மனியிலிருந்து ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, இதில் முதல் குரலின் விலை பச்சையாகத் தெரிகிறது. 1942 ஜூலை 13. ஜெர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தில் யூசெபூவ் என்ற ஊர். ஹாம்பர்க்கிலிருந்து வந்த 101-ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன், சுமார் 500 பேர். பெரும்பாலும் நடுத்தர வயது, குடும்பஸ்தர்கள், துறைமுகத் தொழிலாளிகள், குமாஸ்தாக்கள். அந்த ஊர் யூதர்களைச் சுட்டுக் கொல்ல உத்தரவு. தளபதி ட்ராப் கண் கலங்கியபடி உத்தரவைச் சொல்லிவிட்டு, வயதில் மூத்தவர்களில் இது முடியாது என்று நினைப்பவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றார். விலகினால் தண்டனை இல்லை. முதலில் ஒருவர் முன்னே வந்தார். அவருடைய கேப்டன் அவர்மேல் பாய்ந்தார். ட்ராப் அந்தக் கேப்டனை அடக்கினார். அதைப் பார்த்த பிறகுதான் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிப் பேர் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அன்று சுமார் 1,500 பேர் கொல்லப்பட்டார்கள். பிற்பாடு விசாரணையில், சகாக்கள் தங்களைக் கோழை என்று நினைத்துவிடுவார்களோ என்பதை ஒரு காரணமாகச் சொன்னவர்கள் இருந்தார்கள். உயிர்பயம்கூட இல்லை. வரிசையை விட்டு விலகும் கூச்சம்.

இனி, நீங்கள் என்ன செய்ய முடியும்?

அடி விழ ஆரம்பித்த பிறகு ஒரு தனி ஆளால் செய்யக்கூடியது மிகக் குறைவு. கூட்டத்துக்கு நடுவில் பாய்ந்து விழுந்து தடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். முர்க்கியில் சீருடையில் இருந்தவர்களே அடிவாங்கினார்கள். உங்கள் குரலுக்கு மதிப்பு இருப்பது அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது ஆளை நிறுத்தி வைத்து "யார் நீ" என்று கேட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில். அப்போது அந்த மனிதர் நிரபராதி என்று வாதாடப் போகாதீர்கள். அது உங்களுக்குத் தெரியாது, கூட்டம் உங்களையும் எதிராளி ஆக்கிவிடும். ஆஷின் சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள்: சரியான பதில் தேவையில்லை, வேறு பதில் போதும். "ஓடிடப் போறான், அந்தக் கடைக்குள்ள உக்கார வைங்க, போலீஸ் வரட்டும்." இது கூட்டத்தின் பக்கம் நின்றுகொண்டே சொல்வது. அந்த ஆளுக்கும் கூட்டத்துக்கும் இடையில் ஒரு கதவு வந்துவிடுகிறது. அவசர எண் 112-க்குப் போன் செய்யுங்கள், போன் செய்துவிட்டதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் 1098. அப்புறம், கூட்டத்தில் தெரிந்த முகம் யாராவது இருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "முருகேசண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றால் அவர் மறுபடியும் முருகேசன் ஆகிவிடுகிறார். இரண்டாம் ஆளைத் தயங்க வைத்துவிட்டீர்கள்.

ஆனால் உண்மையான வேலை இதற்கும் முன்னால், வாரக்கணக்கில் முன்னால் இருக்கிறது. தெலங்கானாவின் கத்வால் மாவட்டத்தில் அப்போது எஸ்.பி.யாக இருந்தவர் ரெமா ராஜேஸ்வரி. ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு போலீஸ்காரரைப் பொறுப்பாக வைத்திருந்தார். 2018 மார்ச்சிலேயே ஒரு காவலர் ஒன்றைக் கவனித்தார். வெயில் காலத்தில் வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிற ஜனங்கள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுக்கிறார்கள். ஏன் என்று கேட்டபோதுதான் போனில் சுற்றிய வீடியோக்கள் வெளியே வந்தன. உடனே வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். தப்பட்டை அடித்து, நாட்டுப்புறப் பாட்டுக் கட்டி வதந்தியைப் பற்றிப் பாடினார்கள். ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் போலீஸ்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் பொறுப்பில் இருந்த சுமார் 400 கிராமங்களில் அந்த அலையில் ஒரு உயிரும் போகவில்லை. ஜனங்கள் அதே ஜனங்கள், போனும் அதே போன். பயம் முற்றுவதற்கு முன் யாரோ ஒருவர் வந்து "ஏன் உள்ளே படுக்கிறீர்கள்" என்று கேட்டார்.

குடும்ப குரூப்பிலும் அதையேதான் செய்யச் சொல்வேன். சித்தப்பா ஏதோ அனுப்பினால் "பொய்" என்று பத்துப் பேர் முன்னால் மூக்கை உடைக்க வேண்டாம். அவர் அடுத்த முறை உங்களைத் தவிர்த்துவிட்டு அனுப்புவார். "எந்த ஊர்ல நடந்தது சித்தப்பா? என்னைக்கு? அந்த ஊர்ல நமக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களே, கேட்டுப் பாக்கட்டுமா?" என்று கேளுங்கள். வதந்தி ஊர் பேரையும் தேதியையும் தாங்காது. வாட்ஸ்அப் நிறுவனம் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்குமேல் ஃபார்வேர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. 2020-ல், ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு முறைக்கு ஒரே சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. வேகம் குறையும், நல்லதுதான். ஆனால் அத்திமூருக்குப் போனது ஒரு சாதாரண போன் கால். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, அந்தக் கட்டுப்பாடெல்லாம் ஏற்கெனவே இருந்தது. இந்த முறை பயந்து ஊருக்கு ரயில் ஏறியவர்கள் அந்தத் தொழிலாளர்கள்.

சட்டம் பற்றியும் கேட்பீர்கள். உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 17 அன்று, மாவட்டத்துக்கு ஒரு எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியை இதற்கென்றே பொறுப்பாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது, தனிச் சட்டம் கொண்டுவருவதைப் பரிசீலிக்கும்படி நாடாளுமன்றத்தையும் கேட்டது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 103(2) பிரிவு அப்படி வந்ததுதான்: ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணங்களுக்காகக் கொலை செய்தால் ஆயுள் அல்லது மரண தண்டனை. பிள்ளை பிடிப்பவன் என்ற சந்தேகத்தில் நடக்கும் கொலை இந்தக் காரணங்களுக்குள் அடங்குமா என்று வக்கீல்கள் வாதாட இடம் இருக்கிறது, சட்டத்தை எழுதும்போதே இந்த ஓட்டையை அடைத்திருக்கலாம்.

ஆனால் அது இல்லாவிட்டாலும் பழைய சட்டம் போதும். ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே குற்ற நோக்கத்தோடு கூடினால், அந்த நோக்கத்துக்காக ஒருவன் செய்த குற்றத்துக்கு எல்லோருமே பொறுப்பு. இந்திய தண்டனைச் சட்டத்தில் 149-ஆம் பிரிவு என்று இருந்தது, இப்போது புதுச் சட்டத்தில் 190. வேடிக்கை பார்த்தவர் என்பதால் மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் "ஒரு அடிதான் போட்டேன்", "நான் வழியை மட்டும்தான் மறிச்சேன்" என்பதெல்லாம் கோர்ட்டில் நிற்காது. அத்திமூரில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். மீதி ஆண்கள் பலர் கைதுக்குப் பயந்து ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். பல இடங்களில் போலீஸுக்கு ஆளை அடையாளம் காட்டியது, கூட்டத்தில் நின்றவர்களே பெருமையாக எடுத்துப் பரப்பிய வீடியோதான்.